மாமி என்று அழைத்த மருமகள்

2019ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் காலை. தொழுகையை முடித்து, உற்றாரைத் தழுவி வாழ்த்துரைத்து, தென்காசியில் உள்ள எங்கள் இல்லத்திற்குத் திரும்பியிருந்தேன். கைபேசியில் ஒரு குரற்செய்தி காத்திருந்தது. ஸ்பெயின் நாட்டுத் தலைநகர் மத்ரிதில் பணிபுரியும் என் மகனின் எண்ணிலிருந்து வந்த செய்தி. ஆனால் குரல் அவனுடையதன்று. ஓர் இளம்பெண் ஸலாம் உரைத்தாள். சற்றே தயங்கினாள். பின்னர் "தே கியேரோ முச்சோ, மாமி" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

அடுப்படியில் பிரியாணிச் சட்டியின் அருகே நின்ற என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். முன்னால் சொன்னது எதுவும் அவளுக்கு விளங்கவில்லை. "மாமி" மட்டும் விளங்கிற்று. மாமியாரை நம் குடும்பங்களில் அப்படித்தானே அழைக்கிறோம்? "முறை தெரிஞ்சுதான் கூப்பிடுறா" என்று மெல்லக் கூறினாள். அந்த மருமகளைப் பற்றி நான்கு மாதங்களில் அவள் கூறிய முதற் சொல் அதுவே.

அந்த நான்கு மாதக் கதையையும் சொல்லிவிட வேண்டும். தன் நிக்காஹ் செய்தியை மகன் எங்களுக்குத் தொலைபேசியில்தான் அறிவித்தான். மணமகள் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டினள். பொயாக்கா என்னும் குளிர்ந்த மலைநாட்டில் பிறந்தவள். மேற்படிப்புக்காக மத்ரித் வந்து, அங்கே இஸ்லாத்தைத் தழுவியவள். மார்க்கத்தின்படி குறையேதும் இல்லை. ஆயினும் ஒரே மகனின் மணவிழாவைக் கண்ணால் காணாத தாயின் மனம் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. அவன் அழைக்கும்போதெல்லாம் அவள் மாடிக்கு ஏறிவிடுவாள். "அம்மா தொழுதுகொண்டிருக்கிறாள்" என்று நான் சமாளிப்பேன். தன் தாய் ஒரு நாளைக்கு எத்தனை வேளை தொழுகிறாள் என்று அவன் வியந்திருக்கக் கூடும்.

அகராதி செய்த பிழை

நான் ஒரு பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் இருப்பது என்னால் இயலாது. மகனிடம் கேட்டேன். "அன்பாச் சொல்றா, அத்தா" என்று கூறி வெட்கத்தோடு பேச்சை மாற்றிவிட்டான். எனவே சென்னையிலிருந்து ஓர் ஸ்பானிய அகராதியைத் தருவித்தேன்.

"கியேரோ" என்பதற்கு மூலம் "கெரேர்" என்ற வினை. "வேண்டுதல், விரும்புதல்" என்று அகராதி பொருள் கூறிற்று. "கியேரோ ஆகுவா" என்றால் எனக்குத் தண்ணீர் வேண்டும். "தே" என்றால் உன்னை. இலக்கணம் முடிந்தது என்று எண்ணிய நான், மனைவியிடம் சென்று, "உன்னை மிகவும் வேண்டும் என்கிறாள்" என்று பெருமிதத்தோடு உரைத்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு வேணுமாம்? வேண்டியதைத்தான் கேக்காமலே எடுத்துக்கிட்டாளே!"

மலர்ந்துவந்த ஒரு மனத்தை என் அரைகுறை மொழிபெயர்ப்பு மீண்டும் மூடிவிட்டது. அன்று முதல் நான் அந்த மொழியைக் கவனமாகப் படிக்கலானேன். இருபது நாடுகளில், ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழி அது. அன்பைச் சொல்ல அதில் இரு வினைகள் உள்ளன. ஒன்று "தே ஆமோ". பெரும்பாலும் கணவன் மனைவியிடையிலும், மிக ஆழ்ந்த நேரங்களிலும் வருவது. மற்றொன்று "தே கியேரோ". தாய்க்கும், உடன்பிறந்தாருக்கும், தோழிக்கும், மாமியாருக்கும் கூசாமல் சொல்லக் கூடியது. "காதலிக்கிறேன்" என்று தமிழில் பெயர்த்தால் இரண்டாவது கெட்டுவிடும். "வேண்டும்" என்று பெயர்த்தாலும் கெட்டுவிடும்.

அவ்வாறாயின் தமிழில் அதற்கு என்னதான் சொல்? விடை வேர்ச்சொல்லில் இருந்தது. "கெரேர்" என்ற வினை லத்தீன் மொழியின் "குவைரெரே" என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள், தேடுதல்.

அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நம் திருநெல்வேலிச் சீமையில், தாயைப் பிரிந்த பிள்ளை ஏங்கினால் என்ன சொல்கிறோம்? "பிள்ளைக்கு அம்மாவைத் தேடுது" என்கிறோம். வெளிநாட்டிலிருக்கும் மகனை நினைத்துத் தாய் கண்கலங்கினால், "அவனைத் தேடுது" என்கிறாள். பாடநூல்களில் இடம்பெறாத, வீடுகளில் மட்டுமே வாழ்கிற அன்புச் சொல் அது. மனைவியிடம் சென்று, "நான் முன்பு தப்பாகச் சொல்லிவிட்டேன். உன்னைத் தேடுது என்றுதான் அந்தப் பிள்ளை சொல்கிறாள்" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு மகன் அழைத்தபோது மாடிக்கு ஏறவும் இல்லை.

குற்றாலத்தில் திரும்பிய இருவர்

பேத்தி 2021இல் பிறந்தாள். நோய்த்தொற்றுக் காலத் தடைகள் நீங்கிய பின், 2022 ஜூலையில் மூவரும் தென்காசி வந்து சேர்ந்தனர். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தூரந்தான். மலைநாட்டுப் பெண்ணாகிய மருமகளுக்கு அந்த மேகமும் ஈரக்காற்றும் தன் ஊரையே நினைவூட்டின போலும். வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தில் தூறலை ஏந்திக்கொண்டே வந்தாள்.

ஐந்தருவியில் நல்ல கூட்டம். ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்த பழக்கடைகளை அடுத்து, ஈரப் பாறைத் தரையில் பேத்தி தன் சின்னக் கால்களால் ஓடத் தொடங்கினாள். மருமகள் பதறிப்போய், "மாமி! மாமி!" என்று கூவினாள்.

தன்னைத்தான் அழைக்கிறாள் என்று எண்ணி என் மனைவி திரும்பினாள். அதே நொடியில் குழந்தையும் திரும்பினாள். இருவரும் ஒரு குரலுக்குத் திரும்பி நின்றதைக் கண்டு மகன் விழுந்து விழுந்து சிரித்தான். என் மனைவிக்கோ திகைப்பு. "பெத்த பிள்ளையை ஏன் மாமியார்னு கூப்பிடுறா?"

அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. ஸ்பானிய மொழியில் "மாமி" என்பது மாமியாரைக் குறிப்பதன்று. அதன் பொருள் "அம்மா". அந்தப் பெருநாள் காலையில் அவள் அழைத்தது மாமியாரை அன்று, தாயை. கொலம்பியாவில் பெற்ற மகளையும் "மாமி" என்பார்களாம். மகனை அப்பா என்னும் பொருளில் "பாப்பி" என்பார்களாம்.

விளக்கம் கேட்டதும் என் மனைவி சிரித்துவிட்டாள். நாமும் அதைத்தானே செய்கிறோம்? பெண்பிள்ளையை "வாம்மா", "என் தாயி" என்கிறோம். ஆண்பிள்ளையை "வாங்கத்தா" என்று கொஞ்சுகிறோம். அரபு நாடுகளில் பணிபுரிந்து திரும்பிய நம்மவர்களைக் கேட்டால், அங்கும் தாய் தன் குழந்தையை "மாமா" என்றும், தந்தை தன் குழந்தையை "பாபா" என்றும் அழைப்பதைக் கூறுவர். பெற்றவர்கள் தங்கள் பெயரையே பிள்ளைக்குச் சூட்டி அழைக்கும் இந்த வழக்கம், மூன்று மொழிகளில் ஒன்றுபோல் இருக்கிறது.

கண்ணுக்குள் ஒரு சிறுமி

அன்று முதல் மாமியாரும் மருமகளும் கொஞ்சுமொழிகளை மாற்றி மாற்றிச் சொல்லி மகிழ்ந்தார்கள். நான் இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளன்.

இவள் "ராசா" என்றால் அவள் "மி ரெய்" என்பாள். என் அரசே என்று பொருள். இவள் "உசுரே" என்றால் அவள் "மி விதா" என்பாள். "மி சியெலோ", அதாவது என் வானமே, என்பதற்கு மட்டும் என் மனைவியிடம் இணை இல்லை. பாட்டிக்கு "அபுவெலா" என்று பெயர். அன்பு மிகுந்தால் அது "அபுவெலீதா" ஆகிவிடும். சொல்லின் வாலைச் சற்றே நீட்டிச் சின்னதாக்கிவிட்டால் செல்லம் கூடிவிடுகிறது. பிரிவைச் சொல்ல "மே ஆசேஸ் ஃபால்தா" என்று ஒரு தொடர் உண்டு. "நீ இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது" என்பதே அதன் கருத்து. இதைத் தமிழிலிருந்து எடுத்ததாகச் சொன்னாலும் நம்பலாம்.

எல்லாவற்றிலும் என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரு தொடர். பேத்தியை மடியில் கிடத்தி, "நின்யா தே மிஸ் ஓஹோஸ்" என்றாள் மருமகள். "என் கண்களின் சிறுமி" என்பது அதன் சொற்பொருள். ஸ்பானிய மொழியில் "நின்யா" என்றால் சிறுமி. கண்ணின் கருமணிக்கும் அதுவே பெயர். நம் தமிழில் "பாவை" என்ற சொல் பெண்ணையும் குறிக்கும், கண்மணியையும் குறிக்கும். உற்றுப் பார்ப்பவர் உருவம் எதிரிலிருப்பவரின் கண்ணுக்குள் சின்னதாகத் தெரிவதைக் கண்டு, உலகின் இரு கோடிகளில் இருந்தவர்கள் ஒரே உவமையை அடைந்திருக்கிறார்கள். அரபு மொழியும் கருமணியைக் "கண்ணின் மனிதன்" என்றே வழங்குகிறது. மனைவி மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கும்படி இறைஞ்சும் துஆ திருக்குர்ஆனின் 25ஆம் அத்தியாயத்தில் இருப்பதை நாமறிவோம். அன்புக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு எல்லா மொழியாருக்கும் தெரிந்திருக்கிறது.

ஸ்பெயின் மண்ணுக்கும் அரபு மொழிக்கும் இடையே இருந்தது நெடுநாள் உறவு. 711 முதல் 1492 வரை, ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் அங்கே முஸ்லிம் ஆட்சி ஏதேனும் ஒரு பகுதியில் நிலைத்திருந்தது. அந்தக் காலத்து ஹீப்ரூ கவிதைகள் சிலவற்றின் இறுதி அடிகள், பாமர மக்கள் பேசிய பழைய ஸ்பானிய மொழியில் அமைந்தவை என்பதை 1948இல் எஸ். எம். ஸ்டெர்ன் என்ற அறிஞர் உலகிற்கு எடுத்துக்காட்டினார். அவற்றிற் பலவற்றில் பேசுபவள் ஓர் இளம்பெண். பிரிந்தவனை எண்ணித் தன் தாயிடம் முறையிடுகிறாள். நம் அகப்பாடல்களின் தலைவியை அறிந்தவர்களுக்கு அவள் அந்நியள் அல்லள். தன் அன்பனை அவள் அழைக்கும் சொல் "ஹபீப்" என்னும் அரபுச் சொல். ஸ்பானிய மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய அன்புப் பேச்சிலேயே அரபும் கலந்திருக்கிறது.

ஒரு கேள்வி

இனி இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

அவர்கள் புறப்படுவதற்கு நான்கு நாட்கள் இருக்கையில், ஒரு மாலையில் மருமகள் என்னருகே வந்து அமர்ந்தாள். அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். "மாமா, ஒன்று கேட்கலாமா? அவர் என்னை நேசிக்கிறாரா?" என்றாள்.

நான் நடுங்கிப்போனேன். "ஏனம்மா அப்படிக் கேட்கிறாய்?"

"மூன்று வருடமாக நான் தினமும் சொல்கிறேன். அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சிரிக்கிறார், போய்விடுகிறார். சொல்லாமலிருந்தால் எங்கள் ஊரில் அன்பில்லை என்றுதான் அர்த்தம். தாய்வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூடச் சில சமயம் நினைத்தேன்."

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள்மீது எனக்கும் ஓர் ஐயம் இருந்தது. கணவனோடு அவள் பேசும்போது "உஸ்தேத்" என்ற சொல்லைக் கேட்டிருந்தேன். அந்நியரையும் மூத்தோரையும் விளிக்கும் மரியாதைச் சொல் அது என்றும், நெருங்கியோரை "தூ" என்பதே வழக்கம் என்றும் நூல்கள் கற்பித்திருந்தன. எனவே இருவருக்கும் மனத்தாங்கலோ என்று கவலையுற்றிருந்தேன். அவளிடமே கேட்டேன். "எங்கள் மலைப்பகுதியில் கணவனையும் குழந்தையையும்கூட உஸ்தேத் என்போம். இன்னும் அன்பு கூடினால் சுமெர்ஸே என்போம்" என்றாள். ஐயா, தாங்கள் என்பதுபோன்ற பழைய மரியாதைத் தொடரின் சுருக்கம் அது. நாற்பது ஆண்டுகளாக என்னை "நீங்க" என்றே அழைத்துவரும் மனைவியோடு வாழ்கிற நான், மரியாதைக்குள் அன்பு குடியிருக்கும் என்பதை மறந்து புத்தகத்தை நம்பியிருக்கிறேன்!

அவள் கேள்விக்கு வாயால் விடை கூற எனக்குத் தெரியவில்லை. உள்ளே சென்று என் நன்னியின் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தேன்.

என் நன்னா சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவர். நன்னிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஓதப் படித்ததால் அரபு எழுத்துத் தெரியும். எனவே நம் முன்னோர் பலரையும்போல் அரபுத்தமிழில் அவருக்குக் கடிதம் எழுதுவார். ஸ்பெயினிலும் ஆட்சி போன பின்பு அங்கேயே தங்கிய முஸ்லிம்கள் ஸ்பானிய மொழியை இவ்வாறே அரபு எழுத்தில் எழுதினர். 1609 முதல் 1614 வரை அவர்கள் நாடு கடத்தப்பட்டனர். அவர்கள் மறைத்துவைத்த சுவடிகள், அல்மொனாசித் என்ற ஊரில் 1884இல் பழைய வீடு ஒன்றை இடித்தபோது வெளிப்பட்டன. இதை அவளிடம் சொன்னதும், அந்தக் கடிதங்களைத் தொடவே அஞ்சியவள்போல் கையை இழுத்துக்கொண்டாள்.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. மூன்றரை ஆண்டுகள் நன்னாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. போர் முடிந்து, அவர் உயிருடன் இருக்கிறார் என்று அறிந்த பிறகு நன்னி எழுதிய முதற் கடிதத்தை எடுத்துப் படித்து, மகனைக் கொண்டு பெயர்த்துச் சொல்லச் செய்தேன். அதில் "அன்பு" என்ற சொல்லே இல்லை. கிணற்றில் தண்ணீர் ஊறுவதையும், மூத்த மகள் முப்பது ஜுஸ்வும் ஓதி முடித்ததையும் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: வருடந்தோறும் நார்த்தங்காய் உப்பிட்டுக் காயவைத்தபோது உங்கள் பங்கைத் தனிச் சாடியில் எடுத்து வைத்தேன்; நான்கு வருடத்துப் பங்கும் இருக்கிறது; வந்து சாப்பிடுங்கள்.

பெயர்த்துக்கொண்டிருந்த மகனின் குரல் கம்மிவிட்டது. மருமகள் நெடுநேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கள் மொழியில் வாழ்க்கைத் துணையை மெதியா நராங்ஹா என்போம், மாமா. பாதி ஆரஞ்சு" என்றாள். அந்த "நராங்ஹா" என்ற சொல் அரபு வழியாகவும், அதற்கு முன் பாரசீகம், சமஸ்கிருதம் வழியாகவும் ஸ்பெயினை அடைந்தது. அதன் மூலம் நம் நாரத்தையை ஒத்த தென்னாட்டுச் சொல்லாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆகவே என் நன்னி சாடியில் எடுத்துவைத்ததும், இவள் வாயால் சொன்னதும் ஒரே கனியின் இரு பாதிகள்தாம்.

"சொல்லாவிட்டாலும் எடுத்து வைப்பார்கள், அம்மா. எங்கள் வீட்டு ஆண்களும் அப்படித்தான்" என்றேன். குளிர்காலத்தில் அவள் எழுமுன் தண்ணீர் சூடாக்கி வைப்பதையும், வெளியே சென்றால் மணிக்கொருமுறை "சாப்பிட்டாயா?" என்று கேட்டுச் செய்தி அனுப்புவதையும் அவளே ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கோர்தோபா நகரில் 994இல் பிறந்த மார்க்க அறிஞர் இப்னு ஹஸ்ம், நேசத்தைப் பற்றி எழுதிய தம் நூலில் சொல்லால் உணர்த்துவதற்கும், கண்ணால் உணர்த்துவதற்கும், கடிதத்தால் உணர்த்துவதற்கும் தனித்தனி இயல்கள் வகுத்தார். வாய் ஒன்றே அன்பின் வாசல் என்று அவரும் எண்ணவில்லை.

தந்தையும் மகனும்

ஆயினும் மருமகளுக்கு மட்டும் பாடம் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. இரவு மகனைத் திண்ணைக்கு அழைத்தேன். "அவள் உன் மொழியைப் புரிந்துகொண்டாள். நீ அவள் மொழியில் ஒரு சொல் சொல்லக் கூடாதா? ஒருவர் தம் சகோதரரை நேசித்தால் அதை அவருக்கு அறிவித்துவிட வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்ததாக அபூதாவூதில் படித்திருக்கிறோமே. ஸலாத்திற்குப் பதில் சொல்லாமல் போவாயா?" என்றேன்.

அவன் தலைகுனிந்து, "எனக்கு யாரும் சொல்லிப் பழக்கமில்லை, அத்தா" என்றான்.

குற்றச்சாட்டாக அவன் கூறவில்லை. ஆனால் குற்றம் என்னுடையதுதான். எத்தனையோ மாணவர்களுக்கு அகத்திணை நடத்திய நான், பெற்ற மகனிடம் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. என் அத்தாவும் என்னிடம் சொன்னதில்லை. அந்த இருளில், தெருவிளக்கின் கீழ் சாரல் விழுந்துகொண்டிருக்க, "நீ அங்கே போன நாளிலிருந்து உன்னைத் தேடுதுடா" என்றேன்.

அவன் எழுந்து, என் தோளிலிருந்து நழுவிய துண்டைச் சரிசெய்தான். "சாரல் அடிக்குது அத்தா, உள்ள வாங்க" என்றான். அவன் விடை எனக்கு நன்றாகவே விளங்கிற்று. அவன் மனைவியிடம் என்ன கூறினான் என்பதை நான் கேட்கவில்லை. மறுநாட் காலையில் அவள் முகமே கூறிற்று.

இன்று நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கிறார்கள். வேற்றுமொழி பேசும் மருமகளோ மருமகனோ நம் வாசலில் வந்து நிற்கும் காலம் இது. அவர்கள் சொற்களை அகராதியில் மட்டும் தேடாதீர்கள். நம் வீட்டுப் பேச்சில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இணை இருக்கும். நம் மௌனத்தின் பொருளை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதோடு, நாமும் சிறிது வாய்திறந்து பழகுவோம்.

சென்ற வாரம் மருமகளிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த சாரலுக்கு வர விரும்புவதாக எழுதி, "ஓஹலா" என்ற சொல்லோடு முடித்திருந்தாள். படித்துக் காட்டினேன். பொருளைச் சொல்லுமுன்னரே என் மனைவி கையேந்தி, "இன்ஷா அல்லாஹ்" என்றாள்.

ஓஹலா என்பது ஸ்பானியர் நாள்தோறும் வழங்கும் சொல். அல்லாஹ் நாடினால் என்னும் அரபுத் தொடரிலிருந்து பிறந்தது. இம்முறை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.